தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் எந்திரக் கை: விரல் வேண்டுமா, ஸ்பேனர் போதுமா?

திருகாணி | ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் நால்வர் குழுவின் செயல்திட்டம், சுற்றுப்பாதையில் இருக்கும் தொலைநோக்கியின் ஒரு கருவியைத் திறந்து, உள்ளே கெட்டுப்போன மின்சுற்று அட்டையை மாற்றும் எந்திரக் கை. மாதிரிக்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் உள்ள ஸ்டிஸ் என்ற நிறமாலைமானியை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவியை, எடுத்துக்கொண்டோம். 2004 ஆகஸ்டில் அதன் மின்வழங்கி பழுதாகி நின்றுபோனது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். அதே வேலையை மனிதர் இல்லாமல் செய்ய வேண்டும்.

ஐந்து விரல்கள், 16 மோட்டார்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் அழுத்தத்தை அளக்கும் உணரி என்று மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தோம். வழிகாட்டிப் பேராசிரியர் படத்தை இரண்டு நிமிடம் பார்த்தார். "கை நன்றாக இருக்கிறது. திருகாணி எங்கே?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரியவில்லை. யாராவது உதவ முடியுமா?

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 10.40

தம்பி, எனக்கு விண்வெளி தெரியாது. டூல் ரூமில் 31 வருடம் ஓட்டியிருக்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். எந்த எந்திரம் வந்தாலும் முதலில் நான் பார்ப்பது கழற்ற வேண்டிய போல்ட்டைத்தான். தலை அறுகோணமா, ஆலன் குழியா, பிளஸ் கீறலா? பசை விட்டுப் பூட்டியிருக்கிறார்களா? ஸ்பேனர் சுற்ற இடம் இருக்கிறதா? கழன்ற பிறகு எங்கே விழும்? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து ஸ்பேனரைத் தேடுவேன். நீங்கள் போல்ட்டைப் பார்க்காமலே ஸ்பேனர் செய்துவிட்டீர்கள்.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு முறை ஓர் ஆலையில் கியர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது விரல் நீளம்கூட இல்லாத ஒரு திருகாணி நழுவி உள்ளே விழுந்துவிட்டது. காந்தத்தை விட்டுத் துழாவினோம். அது துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டாத வகை. எண்ணெய் முழுவதையும் வடித்து, துணியில் வடிகட்டி, கையை விட்டுத் தடவி எடுக்கும்போது இரவு 11 மணி. அங்கேயாவது அது அடியில்தான் கிடக்கும் என்ற நிச்சயம் இருந்தது. உங்கள் தொலைநோக்கிக்குள் ஒன்று நழுவினால் எது அடி?

விண்நோக்கி | திங்கள், காலை 6.55

பட்டறைக்காரன் அண்ணன் கேட்ட அதே கேள்விதான் நாசாவின் காடர்ட் மையத்தில் இருந்தவர்களையும் படுத்தியிருக்கிறது. ஸ்டிஸ் மூடியில் மொத்தம் 111 சிறு திருகாணிகள். கழற்றினால் மூடியோடு தங்கும்படி எதுவும் செய்யப்படவில்லை, வாஷரும் தனி. மேலே பசை வேறு. அதை இணைத்தவர் யாரும் விண்வெளியில் ஒருவர் இதைத் திறப்பார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கெட்டால் கருவியை முழுதாகவே கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்பது திட்டம்.

காடர்ட்டார் செய்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. மூடியின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு தட்டைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் நேர் மேலே ஒரு துளை. திருப்புளியின் முனை நுழையும், திருகாணியின் தலை வெளியே வராது. அவ்வளவுதான். கழன்ற திருகாணி தட்டுக்கும் மூடிக்கும் நடுவே மிதந்துகொண்டு கிடக்கும். கடைசியில் தட்டு, மூடி, 111 திருகாணிகள் எல்லாம் ஒரே பொட்டலமாக வெளியே வந்துவிடும். சல்லடைக்குள் சிக்கிய கல் போல.

சோதனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2009 மே 17. தட்டைப் பொருத்துவதற்கு முன்னால், மூடியின் குறுக்கே இருந்த ஒரு கைப்பிடிக் கம்பியை அகற்ற வேண்டும். அதற்கு நான்கே திருகாணிகள். விண்வெளி வீரர் மைக் மாசிமினோ மூன்றைக் கழற்றிவிட்டார். நான்காவதன் தலை மொழுக்கென்று தேய்ந்து, திருப்புளி வெறுமனே சுற்றியது. 111 திருகாணிக்காக வருடக் கணக்கில் ஒத்திகை பார்த்தவர்களை, யாரும் கணக்கில் எடுக்காத நான்கில் ஒன்று நிறுத்திவிட்டது. கடைசியில் ஓரத்தில் ஒட்டுநாடா சுற்றி, கம்பியைக் கையாலேயே இழுத்துப் பிய்த்தார். பிறகு சிறிய மின்திருப்புளியின் மின்கலம் தீர்ந்துபோய், மாற்று எடுக்கத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அன்றைய விண்நடை 8 மணி நேரத்தைத் தாண்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே ஸ்டிஸ் 1997இல்தான் ஹபிளுக்குள் போனது. டெலிபோன் கூண்டு அளவுள்ள பெட்டி, வழித்தண்டில் நழுவிப் போய் உட்கார்ந்து, சில தாழ்ப்பாள் போல்ட்டுகளால் பூட்டிக்கொண்டது. முழுக் கருவியையும் மாற்றுவது மேசை இழுப்பறையை மாற்றுவது போல. அதற்குள் இருக்கும் ஓர் அட்டையை மாற்ற 111 திருகாணி.

திருகாணி | திங்கள், காலை 8.20

மிக்க நன்றி. ஆனால் இதைப் படித்த பிறகு எங்கள் பக்கம் இன்னும் வலுவாகிறது என்று நினைக்கிறேன். கடைசியில் வேலையை முடித்தது மனிதக் கைதானே? கம்பியைப் பிடித்து, இழுத்து, பிய்த்த கை. ஆகவே மனிதக் கையைப் போன்ற எந்திரக் கைதான் எதிர்பாராத சிக்கலைச் சமாளிக்கும். ஸ்பேனர் மட்டும் பொருத்திய எந்திரம் நான்காவது திருகாணியின் முன்னால் நின்றிருக்கும்.

அந்திவானம் | திங்கள், காலை 9.03

நியாயமான வாதம்.

முறுக்குவிசை | திங்கள், மதியம் 1.30

நியாயமாகத் தோன்றும் வாதம். நான் ஆலைகளுக்கு எந்திரக் கை பொருத்தும் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் மறுக்கிறேன்.

மாசிமினோ தானாக முடிவெடுத்துப் பிய்த்துவிடவில்லை. அவர் மேலே காத்துக்கொண்டிருந்தபோது, கீழே காடர்ட்டில் அதே மாதிரியான ஒரு கைப்பிடியைப் பொருத்தி, ஒரே ஒரு திருகாணி மிச்சம் இருக்கும் நிலையில் இழுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 60 பவுண்டு, அதாவது 27 கிலோ எடையைத் தூக்கும் விசையில் அது பிய்ந்தது. அந்த எண் கிடைத்த பிறகுதான் "இழு" என்று சொன்னார்கள். 27 கிலோ இழுப்பதற்கு ஐந்து விரல் எதற்கு? ஒரு கொக்கி போதும். அன்று உதவியது தரையில் இருந்த அந்த நகலும், அதை உடனே எடுத்துச் சோதித்துப் பார்த்த ஆட்களும்.

இரண்டாவது, எதிர்விசை. பட்டறையில் நீங்கள் போல்ட்டைத் திருப்பும்போது உங்கள் கால் தரையை உதைத்துக்கொண்டிருக்கிறது, அதை நீங்கள் கவனிப்பதே இல்லை. அங்கே தரை கிடையாது. போல்ட் ஒரு பக்கம் திரும்பினால் கை மறுபக்கம் திரும்பப் பார்க்கும். ஹபிளில் வேலை செய்த வீரர்கள் பாதங்களை ஒரு சட்டத்தில் பூட்டிக்கொண்டுதான் மின்திருப்புளியைப் பிடித்தார்கள். இப்போது விண்வெளி நிலையத்தில் இருக்கும் டெக்ஸ்டர் என்ற கனடா எந்திரத்தைப் பாருங்கள். 2008இல் போனது. இரண்டு கைகள், கைக்கு ஏழு மூட்டுகள். ஆனால் உள்ளங்கையும் விரலும் இல்லை. இணையாக மூடும் இரண்டு தாடைகள், அவற்றுக்கு நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு சாக்கெட், பக்கத்தில் கேமரா, விளக்கு. தாடை முதலில் போல்ட்டுக்குப் பக்கத்தில் அதற்கென்றே வைத்திருக்கும் பிடியைக் கவ்விக்கொள்ளும். பிறகுதான் சாக்கெட் நீண்டு போல்ட்டைத் திருப்பும். திருப்பும் விசை கவ்விய பிடியிலேயே தீர்ந்துபோகும். கை முழுவதும் முறுக்கிக்கொள்ளாது. ஒரு நேரத்தில் ஒரு கைதான் அசையும், மற்றது எதையாவது பற்றிக்கொண்டு சும்மா இருக்கும்.

உங்கள் ஐந்து விரல் அழகு. ஆனால் ஒவ்வொரு மோட்டாரும் நின்றுபோகக்கூடிய ஒரு பொருள். 16 மோட்டார் என்றால் நின்றுபோக 16 வாய்ப்பு.

அந்திவானம் | திங்கள், மாலை 6.15

இந்த விவாதம் முழுவதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை: இதெல்லாம் நடக்கிற காரியமா? 2003இல் கொலம்பியா விண்வெளி ஓட விபத்துக்குப் பிறகு, 2004 ஜனவரியில் ஹபிளுக்கு வீரர்களை அனுப்புவதில்லை என்று அறிவித்தார்கள். அப்போது டெக்ஸ்டர் போன்ற ஒன்றை அனுப்பிப் பழுதுபார்க்கலாம் என்று பெரிய பேச்சு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் குழு, எந்திரத்தை நம்பினால் குறித்த காலத்தில் முடியாது, வீரர்களையே அனுப்புங்கள் என்றது. 2005இல் எந்திரத் திட்டம் போனது. பிறகு ஓசாம்-1 என்ற நாசாவின் எந்திரப் பழுதுபார்ப்புத் திட்டம். லேண்ட்சாட்-7 செயற்கைக்கோளுக்கு எரிபொருள் நிரப்பப் போகிறோம் என்று பல ஆண்டுகள் வேலை செய்து, 2024 மார்ச்சில் கைவிட்டார்கள். இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் மாணவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுப்பது ஏன்?

விண்நோக்கி | திங்கள், இரவு 9.48

அந்திவானம் ஐயா சொன்ன தகவல்கள் சரி. அவற்றிலிருந்து எனக்கு வேறு முடிவு கிடைக்கிறது.

ஓசாம்-1ஐக் கைவிட்டபோது நாசா சொன்ன காரணங்களில் செலவும் தாமதமும் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது: எரிபொருள் நிரப்புவதற்கென்று ஆயத்தம் செய்யப்படாத செயற்கைக்கோளுக்கு நிரப்பும் வழியிலிருந்து துறையே விலகிவிட்டது. லேண்ட்சாட்-7 1999இல் ஏறியது. அதன் எரிபொருள் வாயைத் தரையில் ஒரு முறை மூடிவிட்டால் பிறகு யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பில் செய்தது. மூடிக்கு மேல் மூடி, அதைக் கட்டிப்போட்ட கம்பி, அதற்கும் மேல் மெத்தை போன்ற வெப்பக் காப்புத் தாள்.

இதற்கான ஒத்திகை விண்வெளி நிலையத்தில் நடந்திருக்கிறது. 2011 ஜூலையில் கடைசி விண்வெளி ஓடத்தில் துணி துவைக்கும் எந்திரம் அளவுள்ள ஒரு பெட்டி போனது. நான்கு கருவிகள்: கம்பி வெட்டி காப்புத் தாளை விலக்குவது ஒன்று, பல வேலைக்கு ஒன்று, பாதுகாப்பு மூடியைக் கழற்ற ஒன்று, எரிபொருள் குழாய் முனை ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கேமராக்கள். 2012இல் டெக்ஸ்டர் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகளை வெட்டியது. 2013 ஜனவரியில் எரிபொருளுக்குப் பதில் எத்தனாலை மாற்றிக் காட்டியது. என்னைக் கவர்ந்தது கடைசி நிகழ்வு. குழாய் முனைக் கருவி வேலை முடிந்து விலகும்போது, அந்த வாயிலேயே சட்டென்று மாட்டிக் கழற்றக்கூடிய ஓர் இணைப்பை விட்டுவிட்டு வந்தது. அடுத்து வருபவர் கம்பி வெட்ட வேண்டாம், மூடி திருக வேண்டாம். ஒரு வாயைத் திறக்க இத்தனை பாடு பட்டவர்கள் அடுத்த ஆளுக்கு ஒரு கதவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆயத்தம் இல்லாததை எந்திரத்தால் பழுதுபார்ப்பது கடினம் என்பதற்குத்தான் உங்கள் இரண்டு உதாரணங்களும் சாட்சி. எந்திரத்தால் பழுதே பார்க்க முடியாது என்பதற்கு அல்ல.

முறுக்குவிசை | செவ்வாய், காலை 7.10

இதற்கு முன்பே சூடு கண்டிருக்கிறார்கள். சோலார் மேக்ஸ், சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கிகளைச் சுமந்த செயற்கைக்கோள், 1980இல் ஏறி அதே ஆண்டு திசை நிறுத்தும் வசதியை இழந்தது. 1984 ஏப்ரலில் விண்வெளி வீரர் ஜார்ஜ் நெல்சன், முதுகில் உந்துப்பொறி நாற்காலியைக் கட்டிக்கொண்டு அதை நோக்கிப் பறந்தார். மார்பில் ஒரு பிடிகருவி. செயற்கைக்கோளில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முளையை அது கவ்வ வேண்டும். மூன்று முறை மோதினார், மூன்று முறையும் கவ்வவில்லை. முளைக்குப் பக்கத்தில் வெப்பக் காப்பைப் பிடித்திருந்த ஒரு சிறு குமிழ் குறுக்கே நின்றது. வரைபடத்தில் அந்தக் குமிழே இல்லை.

பிறகு நெல்சன் சூரியத் தகட்டைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். செயற்கைக்கோள் இன்னும் மோசமாகத் தடுமாறியது. தம்பி, கவனியுங்கள், அதுவும் மனிதக் கைதான். கட்டுப்பாட்டு மையத்தார் மெல்ல மெல்ல அதை நிதானப்படுத்தி, ஏப்ரல் 10 அன்று ஓடத்தின் நீண்ட கை அதைப் பற்றியது. பற்றிய பிறகு, திசை நிறுத்தும் பெட்டியை மாற்றியது பெரிய சிரமமாக இல்லை. ஏனென்றால் மாற்றப்பட வேண்டிய பெட்டி என்றே அதைச் செய்திருந்தார்கள்.

திருகாணி | செவ்வாய், காலை 8.02

வரைபடத்தில் இல்லாத குமிழ். எங்கள் உணரி அதைக் கண்டுபிடித்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10.25

இந்த இழையால் என் தூக்கம் போயிற்று. ஒன்று கேட்கிறேன். காற்றில்லாத இடத்தில் மரை ஒட்டிக்கொள்ளாதா? இங்கே இரும்பின் மேல் மெல்லிய துருப்படலமோ எண்ணெயோ இருக்கும். இரண்டும் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு இறுகினால் வெல்டிங் வைத்தது போலத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

விண்நோக்கி | புதன், காலை 6.40

ஒட்டும் அண்ணா. சாதாரண எண்ணெய் அங்கே ஆவியாகிப் போய்க் கண்ணாடியின் மேல் படிந்தாலும் படியும். அதனால் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர்ந்த பூச்சு. அதுவும் உராய்ந்தால் போய்விடும். 1989இல் ஏறிய கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆண்டெனா 1991இல் குடை போல விரிய மறுத்தது. சில கம்பிகள் ஒட்டிக்கொண்டன. லாரியில் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் போய்வந்த குலுக்கலில் பூச்சு தேய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்ந்தவர்கள் வந்த முடிவு. பழுது விண்வெளியில் தெரிந்தது, நடந்தது நெடுஞ்சாலையில்.

போல்ட் இறுகிய கதை ஹபிளிலும் உண்டு. 2009 மே 14, பழைய அகலப்புலக் கேமராவை வெளியே இழுக்க வேண்டும். அதைப் பூட்டிய ஒரே போல்ட் அசையவில்லை. விசை எல்லை மீறாமல் தடுக்கும் துணைக்கருவியோடு முயன்றார்கள், முடியவில்லை. பிறகு அந்தத் துணைக்கருவியை எடுத்துவிட்டு ஆண்ட்ரூ ஃபியூஸ்டெல் நேரடியாகத் திருப்பினார். போல்ட் முறிந்தால் பழைய கேமரா உள்ளேயே கிடக்கும், புதியது வெளியிலேயே நிற்கும். கழன்றது. முறுக்குவிசை அவர்களே, இந்த முடிவை எந்திரம் எடுக்குமா?

முறுக்குவிசை | புதன், மதியம் 2.05

எடுக்காது. எடுக்கவும் கூடாது. எந்திரத்தின் வேலை எவ்வளவு விசையில் எத்தனை பாகை திரும்பியது என்று நேர்மையாகச் சொல்வது. எல்லையை உயர்த்தலாமா என்பதைக் கீழே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். விண்வெளி நிலையத்தில் டெக்ஸ்டரைக் கட்டுப்படுத்துபவர்கள் ஹூஸ்டனிலும் கியூபெக்கிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், கையைச் சிறிது நகர்த்துவார்கள், நிறுத்துவார்கள், படத்தைப் பார்ப்பார்கள், மறுபடி நகர்த்துவார்கள்.

தூரம் கூடக்கூட இந்தப் பொறுமையும் கூட வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். ஒளியே போக 5 வினாடி, பதில் வர இன்னும் 5. சாக்கெட் போல்ட்டில் இடறுகிறது என்று உங்களுக்குத் தெரியும்போது அது 5 வினாடியாக இடறிக்கொண்டிருக்கும். அதனால் "இந்த அளவுக்கு மேல் தடை வந்தால் நில், பின்வாங்கு" என்ற அளவுக்காவது எந்திரத்துக்கே தெரிய வேண்டும். மற்றபடி வெப் பழுதுபார்ப்புக்காகச் செய்யப்பட்டதே அல்ல. டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள அதன் ஐந்தடுக்கு நிழற்குடைக்குப் பக்கத்தில் உந்துபொறியை எரித்துக்கொண்டு போய் நிற்கவே அச்சமாக இருக்கும். புகை குளிர்ந்த கண்ணாடியில் படிந்தால், பழுதுபார்க்கப் போனவரே பழுதாக்கியவர் ஆவார். அதே இடத்தில் வைக்க நாசா நினைக்கும் வாழத்தக்க உலகங்களைத் தேடும் தொலைநோக்கியை எந்திரங்கள் பழுதுபார்க்கும்படியே வடிவமைப்போம் என்கிறார்கள். போல்ட்டை இப்போதே யோசிக்கிறார்கள் என்று பொருள்.

அந்திவானம் | புதன், இரவு 8.30

என் எதிர்ப்பில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மறுபாதி பணம் பற்றியது, அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் ஏறிய பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் ஏழு மூட்டுள்ள, இடம் விட்டு இடம் நடக்கும் எந்திரக் கை ஒன்றைச் சோதித்தார்கள் என்பதையும் குறித்துவைக்கிறேன். அதற்கும் விரல் இல்லை.

திருகாணி | வெள்ளி, இரவு 11.50

மூன்று நாட்களாக நாங்கள் நால்வரும் கையைத் தொடவே இல்லை. மூடியை மட்டும் வரைந்தோம். இணைத்திருக்கிறேன்.

111 திருகாணிக்குப் பதில் நான்கு அறுகோணப் போல்ட்டுகள், ஹபிளின் வெளிப்புறத்தில் உள்ளது போல 7/16 அங்குலத் தலை. ஒவ்வொன்றும் கழன்றாலும் மூடியைவிட்டு வெளியே வராது; அடியில் ஒரு ஸ்பிரிங் அதைச் சற்று மேலே தூக்கி நிறுத்தும், கேமராவில் பார்த்தாலே கழன்றது தெரியும். போல்ட்டைச் சுற்றிப் புனல் போன்ற ஒரு வாய், சாக்கெட் சற்று விலகி வந்தாலும் தானாக நடுவே வழுக்கிப் போகும். பக்கத்தில் தாடை கவ்வ ஒரு பிடி. அட்டை வழித்தண்டில் நழுவி வரும். கைக்கு இப்போது மூன்றே மோட்டார்கள். ஐந்து விரலுக்காக மூன்று மாதம் வீணானதே என்று குழுவில் ஒருவனுக்கு இன்னும் வருத்தம்.

பட்டறைக்காரன் | சனி, காலை 6.15

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் யோசனை நன்று. மூன்று குறை சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

போல்ட் தலையின் மேல் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. அறுகோணத்தின் மூலையும் சாக்கெட்டின் மூலையும் முட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. மனிதன் என்றால் லேசாக ஆட்டி இறக்கிவிடுவான். தலையின் மேல் விளிம்பைச் சாய்த்துச் சீவிவிடுங்கள், சாக்கெட்டின் வாயையும் அப்படியே. அடுத்து, அலுமினியத்தில் நேரடியாக மரை வெட்டியிருக்கிறீர்கள். பத்து முறை கழற்றி மாட்டினால் மரை போய்விடும். எஃகுச் சுருள் செருகுங்கள். கடைசியாக, போல்ட் கோணலாக நுழைந்தால் மரை பிடிக்காமல் கடித்துக்கொள்ளும். போல்ட்டின் முனையில் ஐந்து மில்லிமீட்டருக்கு மரை இல்லாமல் மொட்டையாக விடுங்கள். முதலில் அது துளைக்குள் போய் நேராகும், பிறகு மரை பிடிக்கும்.

இன்று மதியம் பட்டறையில் வேலை குறைவு. பொருளோடு வாருங்கள், ஒரு மூடியை வெட்டிப் பார்த்துவிடலாம். வெல்டிங் கையுறையைப் போட்டு, கண்ணைக் கட்டி, ஒற்றைக் கையால் உங்களையே கழற்றச் சொல்வேன். உங்களால் முடிந்தால் எந்திரத்தால் முடியும்.

திருகாணி | சனி, காலை 7.30

நால்வரும் வருகிறோம் ஐயா. ஐந்து விரல் கையின் மாதிரி ஒன்று முப்பரிமாண அச்சில் செய்தது தயாராக இருக்கிறது. அதையும் எடுத்துவரலாமா?

பட்டறைக்காரன் | சனி, காலை 7.34

எடுத்துவாருங்கள். நான்கு மணிக்கு டீ வரும், டம்ளர் பிடிக்க ஆள் வேண்டும்.